குடும்ப எஸ்யூவியும் கரடுமுரடுப் பாதையும்: ஆல்-வீல் டிரைவ் வாங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாருதியின் கிராண்ட் விட்டாரா ஆல்-வீல் டிரைவ், ஜிம்னி இரண்டின் விவரத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவே உள்ள இடைவெளி) இரண்டுக்கும் 210 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) ஒன்றுக்கு 2600 மி.மீ., இன்னொன்றுக்கு 2590. நான்கு சக்கர அமைப்புக்கு இரண்டிலும் ஆல்கிரிப் என்றுதான் பெயர். ஆனால் பெரிய கற்கள் உருண்டு கிடக்கும் ஒரு செங்குத்தான மலைப்பாதையில் இரண்டையும் விட்டால், ஜிம்னி சத்தமில்லாமல் ஏறிப்போன இடத்தில் கிராண்ட் விட்டாரா முன்பம்பரைக் கழற்றி வைத்துவிட்டு நிற்கும்.

காகிதத்தில் தெரியாத விஷயங்கள்தான் காரணம். கிராண்ட் விட்டாராவின் நீளம் 4345 மி.மீ.; ஜிம்னிக்கு 3985, அதுவும் பின்னால் தொங்கும் ஸ்டெப்னியைச் சேர்த்து. வீல்பேஸ் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால், கூடுதலாக இருக்கும் 35 செ.மீ. முழுவதும் சக்கரங்களுக்கு வெளியே, முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கிறது. மேட்டில் முதலில் இடிப்பது அதுதான். ஜிம்னிக்கு லேடர் சேஸிஸ் (ஏணி போன்ற தனி இரும்புச் சட்டம்), இடது வலது சக்கரங்களை ஒரே அச்சாக இணைக்கும் இரண்டு ரிஜிட் ஆக்ஸில், அதிக இழுவையோடு மெல்ல ஊர உதவும் லோ ரேஞ்ச் கியர் எல்லாம் உண்டு. கிராண்ட் விட்டாரா அடிப்படையில் ஒரு கார். உயரமாக்கி, பின்சக்கரத்துக்கும் ஒரு ஷாஃப்ட் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதற்காக இந்த வகை வண்டிகள் சும்மா என்று ஜிப்ஸி வைத்திருக்கும் நண்பர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். தோட்டத்துப் பாதை, மழையில் ஊறிய செம்மண் ஏற்றம், சரளைக்கல், ஈரப்புல், லேசான பனி, ஆழம் குறைந்த ஓடை இவையெல்லாம் அவற்றுக்குச் சாதாரணம். அவை மாட்டிக்கொள்வது பெரும்பாலும் சக்கரத்துக்குச் சக்தி போதாமல் அல்ல. வயிறு இடித்து, டயர் பக்கவாட்டில் கிழிந்து, கிளட்ச் சூடேறித்தான் நிற்கின்றன. இந்த மூன்றையும் கவனித்துக்கொண்டால் வண்டி நீங்கள் நினைப்பதைவிட அதிக தூரம் போகும். எங்கே திரும்ப வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதல் படி: குனிந்து பாருங்கள்

எஸ்யூவி போலத் தெரிவதெல்லாம் நான்கு சக்கரத்தாலும் ஓடுவதில்லை. டாடா ஹாரியர் டீசலில் 'ரஃப்', 'வெட்' என்று மோட் இருக்கும். க்ரெட்டாவின் சில வேரியன்ட்களில் ஸ்னோ, சாண்ட், மட் என்று மூன்று மோட். இரண்டுமே முன்சக்கர வண்டிகள். அந்தக் குமிழைத் திருகினால் ஆக்சிலரேட்டர் பதில் சொல்லும் வேகமும், வழுக்கும் சக்கரத்தை அடக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலின் போக்கும் மாறும். பின்சக்கரம் சும்மா உருண்டுகொண்டுதான் இருக்கும்.

சந்தேகம் இருந்தால் வண்டிக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். இரண்டு பின்சக்கரங்களுக்கு நடுவே உருண்டையாக ஒரு இரும்புக் கூடும், அதிலிருந்து இரண்டு பக்கமும் சக்கரத்துக்குப் போகும் தண்டுகளும், முன்னாலிருந்து அதற்குள் வந்து சேரும் ஒரு நீளமான ஷாஃப்ட்டும் இருக்க வேண்டும். இருந்தால் ஆல்-வீல் டிரைவ். மின்சார வண்டிகள் மட்டும் விதிவிலக்கு. 2025இல் வந்த ஹாரியர் இவியின் மேல் வேரியன்ட்டில் பின்னால் தனி மோட்டார் இருப்பதால் நடுவே ஷாஃப்ட் தேவையே இல்லை.

நம் ஊரில் இந்த வகையில் வந்தவை: கிராண்ட் விட்டாரா, அதன் இரட்டையான டொயோட்டா ஹைரைடர், எக்ஸ்யூவி700இன் டீசல் ஆட்டோமேட்டிக்கில் ஒரு வேரியன்ட், ஜீப் காம்பஸ் ஃபோர் பை ஃபோர், கோடியாக், டிகுவான், டூசான். சிலவற்றைப் பழைய வண்டிச் சந்தையில்தான் தேட வேண்டியிருக்கும். அங்கே எனக்குப் பிடித்தது 2014இல் வந்த ரெனோ டஸ்டர் ஆல்-வீல் டிரைவ். அதன் 6 கியரில் முதல் கியரை வேண்டுமென்றே குட்டையாக வைத்தார்கள். 1000 ஆர்பிஎம்மில் மணிக்கு 6 கி.மீ.கூடப் போகாது. லோ ரேஞ்ச் இல்லாத குறையை ஓரளவு அது ஈடுகட்டியது. காம்பஸ் ட்ரெயில்ஹாக்கிலும் 'ஃபோர் லோ' என்பது தனிக் கியர்ப்பெட்டி அல்ல, மிகக் குட்டையான முதல் கியரைப் பிடித்துவைக்கும் ஏற்பாடுதான். ஆனாலும் வேலை செய்யும்.

இன்னொன்று: மோனோகாக் பாடி (தனிச் சட்டம் இல்லாமல் உடலும் அடித்தளமும் ஒன்றான அமைப்பு) என்பதாலேயே ஒரு வண்டி கரடுமுரடுக்கு ஆகாது என்பதில்லை. 1977இல் சோவியத் ரஷ்யாவில் வந்த லாடா நிவாவுக்கு லேடர் சேஸிஸ் கிடையாது. லோ ரேஞ்சும், பூட்டக்கூடிய நடு டிஃபரன்ஷியலும் (டிஃபரன்ஷியல் என்பது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு) இருந்ததால் சேறு, பனி எல்லாவற்றிலும் பெயர் வாங்கியது.

இரண்டாம் படி: சக்தி எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதி கொஞ்சம் நீளம். ஆனால் இது புரிந்தால்தான் மற்றதெல்லாம் கைவரும்.

எஞ்சின் முன்னால் குறுக்காக உட்கார்ந்து முன்சக்கரங்களைச் சுழற்றுகிறது. அங்கிருந்து ஒரு ஷாஃப்ட் பின்னால் போகிறது. பின் டிஃபரன்ஷியலுக்கு முன்னால் பல தகடுகள் கொண்ட ஒரு சின்ன கிளட்ச். தகடுகளை எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு சக்தி பின்னால் போகும் என்பதை கம்ப்யூட்டர் தீர்மானிக்கும். தார்ச்சாலையில் சீராக ஓடும்போது பெரும்பாலும் முன்சக்கரம்தான் வேலை செய்யும். முன்சக்கரம் வழுக்கினால், சில மாடல்களில் வழுக்கப்போகிறது என்று கணித்தாலே, கிளட்ச் இறுகிப் பின்சக்கரமும் சேர்ந்துகொள்ளும்.

'லாக்' பொத்தானை அழுத்தினால் அந்தத் தகடுகள் இறுகியே இருக்கும். முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் சேர்ந்து சுழலும். இங்கேதான் பலருக்குக் குழப்பம். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் அது பூட்டுவதில்லை. முன்னும் பின்னும் சாதாரண டிஃபரன்ஷியல்தான். அதனால் ஒரு பள்ளத்தைக் குறுக்கே கடக்கும்போது முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் ஒரே நேரத்தில் அந்தரத்தில் தொங்கினால், சக்தி முழுவதும் அந்த இரண்டுக்கே போய் வீணாகச் சுற்றும். தரையில் ஊன்றியிருக்கும் மற்ற இரண்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

அப்போது காப்பாற்றுவது டிராக்‌ஷன் கன்ட்ரோல். சும்மா சுற்றும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு, சக்தியை எதிர்ப்பக்கம் தள்ளும். ஆனால் அது உடனே நடக்காது. சக்கரம் சுற்றுவதை சென்சார் பார்க்க வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும், அப்புறம்தான் மறுபக்கம் இழுக்கும். புதியவர்கள் செய்வது என்ன? சக்கரம் சுற்றும் சத்தமும் பிரேக்கின் கரகர ஒலியும் கேட்டவுடன் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். வண்டி பின்வாங்குகிறது. மறுபடி மிதிக்கிறார்கள், மறுபடி எடுக்கிறார்கள். அப்படிச் செய்தால் நாள் முழுக்க அதே பள்ளத்தில்தான் நிற்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதமாக மிதித்து, கரகரப்பு கேட்டாலும் இரண்டு மூன்று நொடி அப்படியே பிடித்திருங்கள். பெரும்பாலான வண்டிகள் மெல்ல ஊர்ந்து வெளியே வந்துவிடும். வராவிட்டால் இறங்கி, தொங்கும் சக்கரத்துக்கு அடியில் கல் அடுக்குவதுதான் வழி. திரும்பத் திரும்ப உறுமுவதால் பயனில்லை.

அந்தத் தகட்டு கிளட்ச் சூடாகும் என்பதையும் மறக்க வேண்டாம். மணலில் தொடர்ந்து சக்கரத்தைச் சுற்றவிட்டால் சில நிமிடங்களில் திரையில் எச்சரிக்கை வரும். வண்டி தானாகவே முன்சக்கர வண்டியாகிவிடும். பழுது என்று நினைக்க வேண்டாம். எஞ்சினை ஐடிலில் விட்டு, கால் மணி நேரம் டீ குடித்துவிட்டு வாருங்கள்.

கியர்ப்பெட்டியைப் பொறுத்தும் கவனம் மாறும். மேனுவலில் லோ ரேஞ்ச் இல்லாததால் ஏற்றத்தில் மெதுவாகப் போக கிளட்சைப் பாதி மிதித்துக்கொண்டே போகத் தோன்றும். கருகிய வாடை வந்தால் அப்போதே நிறுத்துங்கள். கோடியாக், டிகுவான் போன்ற இரட்டை கிளட்ச் வண்டிகளிலும் இதே தொல்லை உண்டு, வாடை மட்டும் தாமதமாக வரும். எக்ஸ்யூவி700, காம்பஸ், டூசானில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும்) ஆட்டோமேட்டிக்தான் ஊர்ந்து ஏறுவதற்கு எளிது.

மூன்றாம் படி: டேப் எடுத்து அளவெடுங்கள்

விளம்பரத்தில் இருக்கும் கிளியரன்ஸ் பெரும்பாலும் காலி வண்டிக்கு உரியது. குடும்பத்தை ஏற்றி, டிக்கியை நிரப்பி, சமதளத்தில் நிறுத்தி அளந்து பாருங்கள். சில சென்டிமீட்டர் காணாமல் போயிருக்கும். எது மிகத் தாழ்வாக இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் அது எஞ்சினுக்கு அடியிலிருக்கும் பிளாஸ்டிக் தகடு, சிலவற்றில் எக்ஸாஸ்ட், சிலவற்றில் பின் சஸ்பென்ஷனின் கை. அது இடதா வலதா நடுவா என்பது மனதில் இருந்தால், கல்லைக் கண்டதும் எந்தப் பக்கம் விடுவது என்று யோசிக்க வேண்டியிருக்காது.

அடுத்து, முன்சக்கரத்திலிருந்து முன்பம்பரின் கீழ் விளிம்பு எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்று பாருங்கள். இதுதான் ஏறும் கோணம். பின்பக்கம் இதேபோல் அளந்தால் இறங்கும் கோணம். நடு வயிறு மேட்டில் தட்டாமல் தாண்டும் கோணம் மூன்றாவது, 2750 மி.மீ. வீல்பேஸ் உள்ள எக்ஸ்யூவி700க்கு இதுதான் பெரிய தலைவலி. பம்பரின் அடியில் காற்றுக்காக ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உதடு முதலில் தட்டும். சில மாடல்களில் அது சில திருகுகளில்தான் நிற்கிறது. பயணத்துக்கு முன் கழற்றி வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

பாதையில் ஒரு மோசமான பத்து மீட்டர் வந்தால் முதலில் செய்ய வேண்டியது ஆட்களை இறக்குவது. நான்கு பேர் இறங்கினாலே வண்டி கொஞ்சம் எழும்பும். குழந்தைகளை மலைப்பக்கமாக, வண்டி சரிந்தாலும் வராத இடத்தில் நிற்க வையுங்கள்.

நான்காம் படி: டயரும் காற்றும்

பணம் செலவழிக்க ஒரே ஒரு இடம்தான் என்றால் அது டயர். கம்பெனி போட்டுத்தரும் டயர் நெடுஞ்சாலைக்கானது. கிராண்ட் விட்டாராவுக்கு 215/60 ஆர்17, எக்ஸ்யூவி700க்கு 235/60 ஆர்18. தார்ச்சாலையில் அமைதியாக இருக்கும், சேற்றில் ஐந்து நிமிடத்தில் வழவழவென்று ஆகிவிடும். பக்கச்சுவரும் மெல்லியது; கூரான கல் உரசினால் கிழியும், பஞ்சர் ஒட்ட முடியாது. அடிக்கடி மண் ரோட்டில் போகிறவர்கள் அடுத்தமுறை மாற்றும்போது அதே அளவில் ஆல்-டெரெய்ன் டயர் பார்க்கலாம். மைலேஜ் கொஞ்சம் குறையும், சத்தம் கூடும். நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த டயரும் புது டயரும் கலந்தால் சுற்றும் வேகம் மாறி, அந்தத் தகட்டு கிளட்ச் தேவையில்லாமல் தேயும். சின்ன அளவு ஸ்டெப்னி கொடுக்கும் வண்டிகளில் அதை மாட்டிக்கொண்டு நீண்ட தூரம் ஓடக்கூடாது என்பதும் இதனால்தான்.

காற்றைக் குறைப்பது செலவில்லாத மருந்து. வழக்கமாக 33 பிஎஸ்ஐ வைப்பவர்கள் சரளைக்கல் பாதைக்கு 26, 28 வரை இறக்கலாம். குலுக்கல் குறையும், கல் குத்துவதும் குறையும். மென்மணலுக்கு 18 முதல் 20. அதற்கும் கீழே போனால் திருப்பும்போது டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும் அபாயம் உண்டு. குறைத்த காற்றோடு வேகமாக ஓட்டக்கூடாது. தார்ச்சாலை வந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும். ஆகவே 12 வோல்ட் கம்ப்ரசரும் நம்பகமான கேஜும் வண்டியில் இல்லாமல் காற்றை இறக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: கூட எடுத்துப்போக வேண்டியவை

மண்வெட்டி, இழுக்கும் பட்டை, அதை மாட்ட ஷாக்கிள், கையுறை, சக்கரத்துக்கு அடியில் போட இரண்டு டிராக்‌ஷன் போர்டு, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு கனமான பலகை. மணலில் ஜாக்கி வண்டியைத் தூக்காது, தானே உள்ளே போகும். வண்டியின் டூல் கிட்டில் திருகி மாட்டும் இழுப்புக் கொக்கி இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். பம்பரில் அதற்கான மூடியைத் திறந்து ஒருமுறை மாட்டியும் பாருங்கள். சில ஐரோப்பிய வண்டிகளில் மரை தலைகீழாக இருக்கும், சேற்றில் நின்றுகொண்டு அதைக் கண்டுபிடிப்பது சுகமான வேலை அல்ல. அந்தக் கொக்கி நேராக, மெல்ல இழுப்பதற்கு மட்டும். ஓடிவந்து வெடுக்கென்று இழுத்தால் பிய்த்துக்கொண்டு பறக்கும், ஆளையும் அடிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னொரு வண்டி. தனியாகப் போவது என்றால் நடந்தே திரும்பக்கூடிய தூரம் வரை மட்டும் போங்கள்.

ஆறாம் படி: எங்கே பழகுவது

காப்புக்காட்டுக்குள் வண்டியை விடுவது குற்றம். கடற்கரையும் விளையாட்டுத் திடல் அல்ல. பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) முட்டையிட வரும் ஜனவரி முதலான மாதங்களில் சொல்லவே வேண்டாம். தெரிந்தவர் தோப்பு, வேலை நடக்காத லேஅவுட் மனை, சரளை பரப்பிய ஊராட்சிச் சாலை, இவை போதும். உரிமையாளரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

நல்ல ஓட்டுநரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் கொழுக்குமலைக்குப் போய்வாருங்கள். இடம் தேனி மாவட்டத்தில் இருந்தாலும் வழி கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து. மேலே உள்ளூர் ஜீப்பில்தான் போக முடியும். முன்சீட்டைக் கேட்டு வாங்கி, சூரிய உதயத்தை மறந்துவிட்டு டிரைவரின் கையையும் காலையும் பாருங்கள். கல்லை இரண்டு சக்கரங்களுக்கு நடுவே விடமாட்டார். கல்லின் மேலேயே சக்கரத்தை ஏற்றுவார், வயிறு தானாக மேலே போய்விடும். பிரேக்கைக் கிட்டத்தட்டத் தொடமாட்டார், கியரே பிடித்துக்கொள்ளும். உங்கள் எஸ்யூவியில் அந்த கியர் இல்லை என்பதுதான் வித்தியாசம். சக்கரத்தை வைக்கும் இடம் உங்களுக்கும் அதேதான்.

கீழே நின்று வழிகாட்ட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்களைப் பார்த்து நிற்பதால் இடது, வலது என்றால் குழம்பும். பஸ், லாரிக்காரர்கள் சொல்வதுபோல "டிரைவர் சைடு ஒடிங்க", "கிளீனர் சைடு விடுங்க" என்று சொல்லச் சொன்னால் தகராறு இல்லை. ஒருவர் மட்டும் சொல்ல வேண்டும். மாமாவும் மச்சானும் சேர்ந்து கத்தினால் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

தரைக்குத் தக்கபடி

சேறு எல்லாம் ஒன்றல்ல. செம்மண்ணில் ஈரம் மேலே மட்டும் இருக்கும், அடியில் கெட்டி. லாக் போட்டு, இரண்டாம் கியரில் நிதானமாகப் போனால் போதும். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் வேறு கதை. நனைந்த கரிசல் டயரின் பள்ளங்களை நிரப்பி, உருண்டையாகத் திரண்டு, சக்கர வளைவுக்குள் அடைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலை டயரோடு அதில் இறங்கினால் எந்த ஆல்-வீல் டிரைவும் உதவாது. மழை நின்று வெயில் அடிக்கும்வரை காத்திருங்கள்.

மணலுக்கு வேகமும் சீரான மிதியும் வேண்டும். இஎஸ்பி (வண்டி சறுக்காமல் தடுக்கும் மின்னணு அமைப்பு) பொத்தானை அணைத்துவிடுங்கள்; இல்லையென்றால் சக்கரம் லேசாக வழுக்கியதுமே எஞ்சின் சக்தியைக் குறைத்து உங்களை நடுமணலில் நிறுத்திவிடும். திருப்பங்களை அகலமாக எடுங்கள், பிரேக் போடாமல் தானாக நிற்க விடுங்கள், முடிந்தால் இறக்கத்தில் நிறுத்துங்கள். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரி மணல் காய்ந்திருக்கும்போது மனிதன் நடந்தாலே கால் புதையும். அதில் வண்டி திணறத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரு மிதி மிதித்தால் சக்கரம் அச்சுவரை இறங்கிவிடும். நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் தோண்டி, காற்றை இன்னும் கொஞ்சம் இறக்கி, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். முன்னால் இருப்பது தெரியாத மணல். பின்னால் இருப்பதை ஏற்கெனவே அழுத்தி வைத்திருக்கிறீர்கள்.

ஏற்ற இறக்கத்தில் ஒரே சட்டம்: நேராக ஏறு, நேராக இறங்கு. பாதியில் நின்றுவிட்டால் திருப்பப் பார்க்கக் கூடாது, ரிவர்ஸ் போட்டு வந்த வழியே நேராக இறங்க வேண்டும். குறுக்காகத் திரும்பும்போதுதான் வண்டிகள் உருள்கின்றன. இறக்கத்தில் ஹில் டிசென்ட் கன்ட்ரோல் (இறங்கும் வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் வசதி) இருந்தால் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்து அதன் வேலையைச் செய்ய விடுங்கள். முதல்முறை பயமாக இருக்கும். ஆனால் அதுவும் பிரேக்கைத்தான் பயன்படுத்துகிறது. நீளமான இறக்கத்தில் இடையிடையே நிறுத்தி ஆறவிடுங்கள்.

உயரமும் கணக்கில் வரும். இமாசலத்தின் ஸ்பிட்டிக்குப் போகும் வழியில் குன்சும் கணவாய் 4500 மீட்டருக்கு மேலே. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பத்தில் ஆறு பங்குக்கும் குறைவு. டர்போ இல்லாத கிராண்ட் விட்டாராவின் 1.5 லிட்டர் பெட்ரோலுக்குக் கீழேயே 136.8 நியூட்டன் மீட்டர் இழுவிசைதான். மேலே போனால் ஏற்றத்தில் எடுக்கும்போது கிளட்ச்தான் அடிவாங்கும். சாமானைக் குறையுங்கள், எடுக்கும் முன் ஆர்பிஎம்மை ஏற்றிக்கொள்ளுங்கள். டர்போ டீசல்களுக்கு இந்தக் கவலை குறைவு.

பனியைப் பற்றி ஒரே வரி: நான்கு சக்கர டிரைவ் புறப்பட உதவும், நிற்க உதவாது. மணாலியிலிருந்து அடல் சுரங்கத்துக்குப் போகும் வழியில் பனி விழும் நாட்களில் ஃபோர் பை ஃபோர் அல்லது செயின் மாட்டிய வண்டிகளைத்தான் விடுகிறார்கள். ஒரு ஜோடி செயின்தான் இருக்கிறது என்றால் இவ்வகை வண்டிகளில் பெரும்பாலும் முன்சக்கரத்துக்கு, கையேட்டில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தண்ணீர்: இதை மட்டும் இரண்டுமுறை படியுங்கள்

பள்ளத்தில் மாட்டினால் நேரம் போகும். தண்ணீரில் தவறினால் எஞ்சின் போகும், சில சமயம் ஆளும் போவார். முதலில் பானட்டைத் திறந்து காற்று எடுக்கும் வாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல குடும்ப எஸ்யூவிகளில் அது கிரில்லுக்குப் பின்னால், ஹெட்லைட் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே என்றால் சரி என்று நினைக்க வேண்டாம்; வண்டி தள்ளும் அலை அதைவிட உயரமாக எழும். கையேட்டில் கடக்கும் ஆழம் கொடுத்திருந்தால் அதுதான் எல்லை. இல்லாவிட்டால் சக்கரத்தின் பாதி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நின்ற தண்ணீர் என்றால் ஒரு கம்போடு நடந்து பாருங்கள். ஓடும் தண்ணீரில் உங்களால் நிலையாக நடக்க முடியாவிட்டால் வண்டியும் போக வேண்டாம். மோனோகாக் வண்டிகளின் கதவுகள் நன்றாக அடைக்கும், அடித்தட்டு சமமாக இருக்கும். முழங்கால் உயர வேகமான ஓட்டமே அதைப் பக்கவாட்டில் நகர்த்திவிடும். ஸ்பிட்டியின் கிரம்ஃபூ–பட்டல் பாதையிலும் லடாக்கிலும் நாலாக்கள் (ஓடைகள்) பனி உருகி வருபவை. காலையில் கணுக்காலளவு இருப்பது மதியத்துக்கு மேல் தொடைவரை ஏறும். அதனால்தான் உள்ளூர்க்காரர்கள் விடியும் முன்பே கிளம்பிவிடுகிறார்கள்.

இறங்கிவிட்டால் முதல் கியர், நடக்கும் வேகத்தைவிடச் சற்றே கூடுதல், நடுவில் கியர் மாற்றம் இல்லை, நிறுத்தமும் இல்லை. எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இழுத்துக்கொண்டுபோய் மெக்கானிக்கிடம் விடுங்கள். எஞ்சின் புரொடெக்‌ஷன் என்ற கூடுதல் காப்பீடு எடுக்காதவர்களுக்கு இந்தச் செலவு கைக்காசுதான். கரையேறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டி உலர வையுங்கள்.

சென்னைக்காரர்களுக்கு: இதே விதி வெள்ளத்துக்கும் பொருந்தும். ஆல்-வீல் டிரைவ் இருக்கிறது என்று சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்குவதைவிட, 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்தியவர்கள் புத்திசாலிகள்.

வீடு திரும்பியதும்

அடிப்பகுதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். கடல்மணல் என்றால் அன்றைக்கே. சக்கரத்தின் உட்பக்கம் காய்ந்த சேறு ஒட்டியிருந்தால் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் ஆடும்; அலைன்மென்ட் போய்விட்டது என்று பலர் அலைவார்கள், குச்சியால் சுரண்டிவிட்டாலே சரியாகிவிடும். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் உறைகளில் கிழிசல் இருக்கிறதா, கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சின்னக் கிழிசலை அப்போதே மாற்றினால் ரப்பரின் செலவு, விட்டால் ஷாஃப்ட்டின் செலவு. ஆழமான தண்ணீரைக் கடந்திருந்தால் பின் டிஃபரன்ஷியல் எண்ணெயை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பால்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, மாற்றிவிட வேண்டும். சர்வீஸுக்கு விடும்போது பின் டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் எண்ணெய்களையும் பார்க்கும்படி நீங்களாகவே சொல்லுங்கள். முன்சக்கர வண்டிகளையே அதிகம் பார்க்கும் பணிமனைகளில் இவை இரண்டும் எளிதில் விட்டுப்போகும்.